என் குரல் கோயம்புத்தூருக்குப் போன கதை

மழைநீர் வடிகாலுக்காகப் பழைய மகாபலிபுரம் சாலையைத் தோண்டிக்கொண்டிருந்த ஜேசிபி, மண்ணுக்கடியில் கிடந்த ஒரு கேபிளை நூடுல்ஸ் மாதிரி அள்ளி வெளியே போட்ட காலையில், எங்கள் குவார்ட்டர்ஸில் குடியிருந்த அத்தனை பேருடைய குரலும் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. தொண்டை வலிக்கவில்லை, காய்ச்சல் இல்லை, ஒரு கனைப்புகூட முன்னறிவிப்பாக வரவில்லை. நான் அப்போது வாசலில் மீன்காரி மரகதத்தின் கூடையிலிருந்து ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிப் பிடித்து, இது நேற்றைய மீன் இல்லை, போன வாரத்து மீன் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்தேன். ‘போன’ என்பது வரைக்கும்தான் இங்கே கேட்டது. ‘வாரத்து மீன்’ கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் கேட்டது.

என் கணவர் ஆரோக்கியராஜ் டேட்டா சென்டரில் ஸ்டோரேஜ் பார்க்கிறவர். டேட்டா சென்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஜன்னல் இல்லாத ஒரு கட்டடம், அதற்குள்ளே கட்டிய மனைவியைவிட நன்றாக ஏசி போட்டுக் கவனிக்கப்படுகிற சர்வர்கள், ஊரிலுள்ள பேங்க்காரனும் ஆஸ்பத்திரிக்காரனும் கொடுத்துவைத்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டு சூடாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். இந்தக் கட்டடம் செத்துப்போனால் வேலையை எடுத்துக்கொள்ள இதே மாதிரி ஒன்றைக் கோயம்புத்தூரில் கட்டினார்கள். இங்கே எழுதப்படுவதெல்லாம் அங்கேயும் எழுதப்படும், இங்கே மூச்சு நின்றால் அங்கே மூச்சு தொடங்கும், அதற்குப் பெயர் ஃபெயில்ஓவர். கட்டியவனுக்குப் புதிதாக யோசிக்கச் சோம்பல், அதனால் ஊழியர் குவார்ட்டர்ஸையும் ஒரே வரைபடத்தில் கட்டிவிட்டான். எங்கள் பி-12க்கு அங்கே ஒரு பி-12 உண்டு, எங்கள் சமையலறை ஜன்னலுக்கு அங்கே ஒரு ஜன்னல் உண்டு, எங்கள் குளியலறைச் சுவர் ஓதம் ஏறுகிற அதே மூலையில் அங்கேயும் ஓதம் ஏறும்.

இரண்டு ஊர் மெஷின்களும் அந்தக் கேபிள் வழியாகத்தான் ‘இருக்கியா?’, ‘இருக்கேன்’ என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தன. கேபிள் அறுந்ததும் கோயம்புத்தூர் கேட்டது, பதில் இல்லை, சென்னை செத்துவிட்டது என்று முடிவு கட்டி எல்லாவற்றையும் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டது. இந்த மாதிரி நேரத்தில், ‘இல்லை, அவன் சாகவில்லை, வழிதான் அடைபட்டிருக்கிறது’ என்று சொல்வதற்காகவே மூன்றாவது ஊரில் ஒரு சின்ன மெஷினை வைக்க வேண்டுமாம், அதற்கு விட்னஸ் என்று பெயராம். வைத்தார்களா? வைத்தார்கள், சோதித்துப் பார்க்கிறோம் என்று சென்னைக் கட்டடத்தில், அதே ரேக்கில், அதே பிளக்பாயிண்டில் தற்காலிகமாக வைத்தார்கள், வைத்ததை மறந்தார்கள். வீடு தீப்பற்றினால் ஊருக்குச் சொல்ல ஒருத்தனை நியமித்து, அவனை அதே வீட்டு பீரோவுக்குள் உட்காரவைத்துப் பூட்டினால் எப்படி இருக்கும், அப்படி. இதற்கெல்லாம் எம்.டெக் படித்திருக்கிறார்கள்.

டேட்டாவோடு சேர்ந்து எங்கள் குரலும் ஏன் போனது என்று யாரும் கேட்கவில்லை. போனது, அவ்வளவுதான்.

முதல் நாள் எல்லாரும் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள், குவார்ட்டர்ஸ் முழுக்க மீன்தொட்டி மாதிரி இருந்தது. மறுநாள் பழகிவிட்டது. எங்கள் ஜனங்களுக்குத் தண்ணீர் லாரி வராதது பழகியது, லிஃப்ட் ஓடாதது பழகியது, குரல் இல்லாததும் பழகியது. அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் ‘வாய்ஸ் சேவை தற்காலிகமாகத் தடைபட்டுள்ளது, ஒத்துழைப்புக்கு நன்றி’ என்று கும்பிடுகிற கைகளோடு ஒரு செய்தி வந்தது, எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். வீட்டுக்கு வீடு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் வெளியே வந்தன, ஒரு தட்டல் என்றால் பிள்ளையைக் கூப்பிடுவது, இரண்டு தட்டல் என்றால் கணவனை, நிறுத்தாமல் தட்டினால் மாமியாரோடு சண்டை. மாதா கோயிலில் ஏ பிளாக் ஜெயசீலி டீச்சரின் பாடகர் குழு வாயை மட்டும் அசைத்தது, சுற்றுச்சுவருக்கு வெளியே குடியிருப்பதால் குரல் போகாத பங்குச்சாமியார், இத்தனை வருஷத்தில் இவர்கள் சுருதி விலகாமல் பாடியது இன்றைக்குத்தான் என்று பிரசங்கத்திலேயே சொன்னார். மரகதம் வாய்க்கு வந்த விலையைச் சொன்னாள், வாங்குகிறவர்களுக்கு வாயில்லாததால் அதுதான் விலை. ஆண்கள் சந்தோஷத்தை மறைக்கவே இல்லை. சி பிளாக்காரர்கள் மொட்டை மாடியில் கேக் வெட்டினார்கள், யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்க ஒருத்திக்கும் குரல் இல்லை.

கோயம்புத்தூரில் வேறு மாதிரிப் பழகினார்கள். நாங்கள் இங்கே வாயை அசைத்தால், அது அங்கே எங்கள் கதவெண்ணில் குடியிருப்பவர் வாயில் சத்தமாக வந்தது. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை, அவர்கள் சொந்தமாகப் பேசியதும் எங்கள் குரலிலேயே வந்தது. பெருமாள் கோயில் வரிசையில் நின்ற ஒரு அம்மாள் ‘அருள் நிறைந்த மரியே’ என்று ஆரம்பித்துவிட்டாளாம், பின்னால் நின்றவர் “கேக்க நல்லா இருக்குதுங்க, இன்னொருக்கா சொல்லுங்க” என்றாராம். மீசை வைத்த செக்யூரிட்டி ஒருத்தர் வாயிலிருந்து எங்கள் சி பிளாக் ஏழாம் வகுப்புப் பெண்ணின் வாய்ப்பாடு வந்துகொண்டிருந்ததாம், தப்பாகச் சொன்னபோது அவரே தலையில் குட்டிக்கொண்டாராம். மரியாதைப்பட்ட ஊர். ஒறம்பரை என்று அவர்கள் சொல்கிற விருந்தாளி வந்தால் எப்படியோ அப்படி, வந்த குரலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, பனி படாமல் மஃப்ளர் சுற்றிப் பார்த்துக்கொண்டார்கள்.

குரல் போன அன்றைக்கே மத்தியானம் என் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தேன். என் குரல் பேசியது. கான்வென்ட்டில் சிஸ்டர் யூலேலியா என் பல்லிடுக்கில் பென்சிலைக் கவ்வ வைத்து ழகரமும் லகரமும் பிரித்துக் கொடுத்த குரல், பேச்சுப்போட்டிக் கோப்பைகளை அள்ளிய குரல், தண்ணீர் லாரிக்காரனைப் பின்பக்கமாகவே திரும்பி வரவைத்த குரல்.

“அக்கா, உங்க கொரலு எங்கிட்ட இருக்குதுங்க” என்றது.

யாருடி நீ என்று வாயசைத்தேன். போனில் என் குரலே “யாருடி நீ?” என்று கேட்டது, உடனே அதுவே பணிவாக, “துளசிமணிங்க்கா, இங்கத்த பி-12ங்க. என்ற வூட்டுக்காரர் ஜெனரேட்டர் பாக்குறாருங்க” என்று பதிலும் சொன்னது. அப்புறம் “என் குரலை வெச்சிக்கிட்டு என்ன பண்றே?” என்று அதட்டியது. “ஒண்ணும் பண்ணலைங்க்கா, தானா வருது” என்று நடுங்கியது. அந்தப் பக்கம் யாராவது பார்த்திருந்தால் ஒருத்தி தனியாக நின்று தன்னோடு தானே சண்டை போடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அவள் சொன்னது இதுதான். அன்றைக்குக் காலையில் அவள் புருஷன் மயில்சாமி வழக்கம்போல் சோறு குழைந்துவிட்டது என்று வட்டலைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்கிறான். அவர்கள் பக்கத்தில் தட்டுக்கு வட்டல் என்று பெயர், அவன் அதை எறிவது தினப்படி வழக்கம், அவள் கம்முன்னு பொறுக்கி எடுப்பதும் வழக்கம், சில நாள் வட்டலுக்குப் பிறகு கையும் வரும், அதுவும் வழக்கம். அதே நிமிஷம் நான் இங்கே குரல் போன ஆத்திரத்தில், கைதவறி விழுந்த மீனைக் காட்டி மரகதத்திடம், ‘எடுத்து வை, யார் வீட்டு வாசல்னு நினைச்சே?’ என்று வாயை அசைத்திருக்கிறேன். துளசிமணியின் வாயிலிருந்து, அட்சரம் பிசகாமல், கான்வென்ட் ஆணியடித்த மாதிரி, அது வெளியே வந்திருக்கிறது. மயில்சாமி வட்டலை எடுத்து வைத்தானாம். பருக்கையையும் பொறுக்கினானாம்.

“கல்யாணம் ஆனதுக்கு இப்பத்தானுங்க்கா அவரு குனிஞ்சு பாக்குறேன்” என்றாள்.

நான் உருகிவிடவில்லை. அவரவர் வீட்டுத் தட்டை அவரவர் சொந்தக் குரலில் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், என்னுடையதைத் திருப்பிக் கொடு என்றேன். கொடு என்று எனக்கே என் குரல் சொன்னது. அவள் போனை வைத்துவிட்டாள்.

கேபிளை ஒட்டினார்கள். ஒட்டியபின் இரண்டு ஊர் மெஷினும் நான்தான் சொந்தக்காரன் என்று முறைத்துக்கொண்டு நின்றன. குரல்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் காப்பி எடுப்பது என்று கேள்வி. அங்கேதான் குரல் இருக்கிறது, இங்கே வெறும் மௌனம்தான் இருக்கிறது, அங்கிருந்து இங்கேதான் எடுக்க வேண்டும், இது எங்கள் வீட்டு மிக்ஸிக்கே தெரியும். ஆனால் மேனேஜர் தீனதயாளன் குவார்ட்டர்ஸில் இல்லாமல் பெசன்ட் நகரில் குடியிருப்பவர், மூளை போனாலும் குரல் போகாத ஒரே அதிகாரி அவர்தான். “சென்னைதானேய்யா பிரைமரி? பிரைமரியிலேருந்துதான் காப்பி போகணும், போடு!” என்று கத்தினார். என் கணவருக்குத் தப்பு என்று தெரியும், சொல்லக் குரல் இல்லை, சாட்டில் டைப் அடித்தார், கத்துகிற ஆள் எங்கே சாட்டைப் படிப்பார்? ஏ பிளாக்கில் ஆரம்பித்தார்கள். இங்கிருந்த மௌனத்தை அழகாகக் காப்பி எடுத்து அங்கிருந்த குரல்களின் மேல் எழுதினார்கள். ஏ பிளாக் முழுக்க, இங்கேயும் அங்கேயும், ஒரேயடியாக அணைந்தது. ஜெயசீலி டீச்சரின் குரல் இந்த உலகத்தில் இப்போது எங்கேயும் இல்லை. தீனதயாளன் அறிக்கையில், ‘ஏ பிளாக் வெற்றிகரமாக ஒருங்கிணைக்கப்பட்டது’ என்று எழுதினார்.

அதற்குப் பிறகுதான் சாட்டைப் படித்தார். திசையை மாற்றினார்கள். அங்கே இருப்பவர்கள் காப்பி முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது, பேசினால் புதிதாக எழுதிக்கொண்டே போகும், காப்பி முடியவே முடியாது. மரியாதைப்பட்ட ஊர் என்று சொன்னேனே, ஆளுக்கு ஆள் முறை வைத்து உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், போகிற குரலுக்கு வாசல்வரை வந்து கையாட்டினார்கள். சி பிளாக்குக்குக் குரல் வந்தது, அந்த மொட்டை மாடிக் கேக் சமாசாரம் அன்றைக்கே விசாரணைக்கு வந்தது. பி பிளாக்கிலும் வரிசையாக வந்தது. எங்கள் வீட்டில் வரவில்லை. மயில்சாமியும் என் கணவரும் எனக்கும் துளசிமணிக்கும் பிறகு என்று நிறுத்திவைக்கப்பட்டிருந்தார்கள், துளசிமணியோ வாயை மூடவே இல்லை.

பேசினாள். காப்பி நடக்கவிடக் கூடாது என்பதற்காகவே பேசினாள். பேப்பரில் வந்த வரன் விளம்பரம் முதல் டெண்டர் நோட்டீஸ் வரை வாசித்தாள், காய்கறி நறுக்கும்போது ஒவ்வொரு வெண்டைக்காயையும் பெயர் சொல்லி நறுக்கினாள், மிக்ஸியோடு பேசினாள், ஓதம் ஏறிய சுவரோடு பேசினாள், பக்கத்து வீடுகள் முறை வைத்து வந்து அவளுக்கு உம் கொட்டின. இங்கே என் கணவரின் லேப்டாப்பில் பி-12 மட்டும் சிவப்பாகவே நின்றது. என் குரல் என் சம்மதம் இல்லாமல் தேய்ந்துகொண்டிருந்தது. திருடி.

தீனதயாளன் கடைசியில் இரண்டு ஊருக்கும் சேர்த்துக் கெடு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வேலை முடிகிறது, அதற்குள் பி-12 வராவிட்டால் மறுபடியும் இங்கிருந்து அங்கே எழுதி, சரியாகிவிட்டது என்று டிக்கெட்டை மூடிவிடுவேன் என்றார். அதாவது ஜெயசீலி டீச்சருக்கு ஆனது எனக்கும் ஆகும், துளசிமணிக்கும் ஆகும்.

அந்த ஞாயிறு மத்தியானம் என் கணவர் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். ‘ஒரு வழி இருக்கு கிளாடிஸ். அந்தப் பக்கத்தைப் பலவந்தமா பூட்டிடலாம். உன்னோடது வந்திரும். ஆனா அந்தப் பொண்ணோட சொந்தக் குரலும் உள்ளேயே மாட்டிக்கும். ஊமையாயிடும்.’

நான் பேனாவைப் பிடுங்கி, ‘பூட்டு’ என்று எழுதினேன். கையெழுத்து கோணக்கூட இல்லை.

அவர் விரலைத் தூக்கினபோது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். என் குரல்தான், ஆனால் அடித்துத் துவைத்த பழந்துணி மாதிரி இருந்தது.

“அக்கா, நான் திருடியில்லைங்க்கா. சித்த நாளைக்குக் குடுங்க. இது இருந்தா அந்தாளு கையத் தூக்க மாட்டேங்கிறாரு. நான் பேசுனா யாருக்கும் கேக்காதுங்க, உங்க கொரலு கேக்குதுங்க.”

கேட்காவிட்டால் கத்தக் கற்றுக்கொள், எனக்கென்ன என்று வாயசைத்தேன், அங்கே என் குரல் அப்படியே சொன்னது. அதற்குப் பின்னால், அறையின் இன்னொரு மூலையிலிருந்து, ஒரு ஆண்குரல் கேட்டது.

“பேசுடி, பேசு. ஆறு மணி ஆகட்டும். அப்பறம் எந்த மகராசி கொரலு வந்து வட்டலப் புடிக்குதுன்னு பாக்குறேன். இத்தன நாளுக்கும் சேத்து வெச்சிருக்கேன்.”

மயில்சாமி. ஆனால் குரல் என் கணவருடையது. நான் எத்தனை வசை பாடினாலும் ‘சரிம்மா’ என்பதைத் தாண்டாத குரல், என்னை ஒருநாளும் ‘டி’ போட்டுக் கூப்பிடாத குரல், இரவு ஜெபத்தில் என் பெயரைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் தாழ்கிற குரல், அது கோயம்புத்தூரில் ஒரு பெண்ணை அடிக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. மேஜைக்கு எதிரே அதற்குச் சொந்தக்காரர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கருணை வரவில்லை, அந்தச் சரக்கு என்னிடம் கொஞ்சம் கம்மி. கோபம்தான் வந்தது, ஆனால் அது அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த திசையை மாற்றிக்கொண்டது. ‘பூட்டு’ என்று எழுதியதை அடித்தேன்.

என் கணவர் முதலில் தன் குரலை அந்த வாயிலிருந்து எடுத்தார். மயில்சாமி மிரட்டி முடித்த திருப்தியில் வாயை மூடிக்கொண்டிருந்தான், அது போதுமானதாக இருந்தது. எடுத்தவுடன் அவர் பேசிய முதல் வாக்கியம், “இனிமே என் குரல்ல அவன் ஒரு வார்த்தை பேசக் கூடாது.” இரண்டாவது, “கிளாடிஸ், மிரர் போட்டுடலாமா?”

மிரர் என்றால் இரண்டு பக்கமும் சொந்தம். ஒரு வார்த்தை அங்கேயும் எழுதி இங்கேயும் எழுதி, எழுதியாச்சு என்று இரண்டும் சொன்ன பிறகுதான் வாயை விட்டு வெளியே வரும். நான் சொல்வது அவளுக்கும் வரும், அவள் சொல்வது எனக்கும் வரும். மேனேஜர் அனுமதிக்கவே மாட்டார், லைன் செலவு, வேலை போகலாம்.

“அதோட எல்லாமே கொஞ்சம் தாமதமாத்தான் வரும்மா” என்றார் பயந்துகொண்டே. “கோயம்புத்தூர் போயிட்டு வரணுமில்ல. நீ திட்டறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடற நேரம் ஆகும்.”

நான் அவரைப் பார்த்தேன். குரல் இல்லாமலே வேலை செய்கிற பார்வை ஒன்று என்னிடம் உண்டு. போட்டார், கெடுவுக்குள் பி-12 சிவப்பு மாறிப் பச்சையானது.

அங்கே ஆறு மணிக்கு மயில்சாமி சாப்பிட உட்கார்ந்தான். போனை அவள் அணைக்காமல் அடுப்புமேடையில் வைத்திருந்தாள், இங்கே அது சாப்பாட்டு மேஜையில் இருந்தது. என் கணவர் பயத்தில் காப்பி டம்ளரைக் கையிலெடுத்துக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். வட்டல் தரையில் தேய்ந்து எழும்புகிற சத்தம் கேட்டது. “ம், இப்பக் கூப்புடு உன்ற சென்னைக்காரிய” என்றான் அவன், சொந்தக் குரலில். கேட்டால் இவ்வளவு சின்னக் குரலா என்று இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். ஒரு மூச்சு நேரம் எதுவும் வரவில்லை. அந்த ஒரு மூச்சில் நான் ஜெயசீலி டீச்சரை நினைத்துக்கொண்டேன். பிறகு, மேஜையிலும் அடுப்புமேடையிலும், இரண்டு தொண்டையிலும், ஒன்றாக வந்தது.

“கீழே வை.”

அங்கே வட்டல் கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. இங்கே என் கணவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு எல்லாரும் சுகமாக வாழ்ந்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீனதயாளன் மிரரை நிறுத்தச் சொல்லி வீட்டுக்கே வந்தார், நான் ஆரம்பிக்கவே இல்லை, என் வாயில் துளசிமணி, “போயிட்டு வாங்க, இனி இந்தப் பக்கம் வராதீங்க” என்று கொங்குத் தமிழில் மரியாதையாகக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாள். மாதா கோயிலில் பூசை நடுவே திடீரென்று ‘கீரை என்ன விலைங்க?’ என்று கேட்டுவிடுகிறேன், பங்குச்சாமியார் பழகிக்கொண்டார். ஜெயசீலி டீச்சர் வாயை அசைக்கிறார், எங்கள் எல்லாருக்கும் அவர் பாட்டு எதுவென்று தெரியும் என்பதால் சத்தத்தை நாங்கள் போடுகிறோம். விட்னஸ் இன்னும் அதே ரேக்கில்தான் இருக்கிறது.

எனக்கு ஒரே எரிச்சல் அந்த ஒரு மூச்சு நேரம்தான். என் கணவருக்கு அது தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதைப் பார்த்ததும், வார்த்தை கோயம்புத்தூர் போய்த் திரும்புவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவப் பார்க்கிறார். ஆனால் அங்கே மயில்சாமியும் பாதிச் சோற்றில் அதே வாசலுக்கு நழுவப் பார்க்கிறான் போலிருக்கிறது, ஏனென்றால் சரியாக அந்த நேரத்தில் நான் சொல்லாத ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வருகிறது.

“உக்காருங்க.”

இவரும் உட்கார்ந்துவிடுகிறார்.